பதினான்கு சொல் வரை

என் வீட்டுக்காரரை அவருடைய அலுவலகத்தில் "இதுவரை சார்" என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான். மழை வருமா சார் என்று கேட்டால் "இதுவரைக்கும் வரல" என்பார். குழம்பில் உப்பு சரியா என்று நான் கேட்டால் "சாப்பிட்ட வரைக்கும் சரி" என்பார். "பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு ஊரே சொல்லுது, உங்களுக்கு மட்டும் முழுப் பானையும் தின்னு பார்த்தாத்தான் தெரியுமா?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன். "அதைச் சொன்னவர் எங்க ஆபீஸ்ல ஒரு மாசம் வேலை பார்த்திருந்தா சொல்லியிருக்க மாட்டார்" என்றார். சிரிக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் இப்படியா இருந்தார்? வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிற மனிதர். இந்தப் பேருந்து அங்கே போகுமா என்று யாராவது கேட்டால், தெரியாவிட்டாலும் "போகும், ஏறுங்க" என்பார். அந்த அசட்டுத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. நான் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள். அங்கே யாரும் எதையும் அடித்துச் சொல்லமாட்டார்கள். பார்க்கலாம், இருபத்துநாலு மணி நேரம் போகட்டும், ரிப்போர்ட் வரட்டும் என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், அடித்துச் சொல்ல ஒரு ஆள் இருப்பது ஆறுதலாக இருந்தது.

அவருடைய அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. படியேறும்போதே ரப்பர் வாடை வரும். முப்பது பேர் வேலை. நோயாளியின் நரம்பில் மருந்தை அளந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற பம்ப் இருக்கிறதே, கட்டில் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருக்குமே, அதன் மூளையை அங்கேதான் எழுதினார்கள். மற்ற பம்புகளில் இவ்வளவு, இத்தனை நேரம் என்று எண்ணை அழுத்தினால் முடிந்தது. இவர்களுடைய பம்பில் மருத்துவர் பேசுகிற மாதிரியே எழுதலாம். பிரஷர் இதற்குக் கீழே போனால் நிறுத்து, அரைமணி கழித்துப் பாதி அளவில் தொடங்கு, மூச்சு குறைந்தால் மணியடி என்று வரிசையாக எழுதிவிட்டால், பம்ப் தானே படித்துப் புரிந்துகொண்டு நடந்துகொள்ளும். அதைச் சொல்லித்தான் விற்றார்கள்.

பம்ப் படிப்பதற்கென்று விதிகள் உண்டு. எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வரலாம், எது எதோடு சேரும் என்று அறுபத்துச் சொச்சம் வரிகள். அந்த விதிகளை எழுதியதும் பார்த்துக்கொண்டதும் என் வீட்டுக்காரர்தான். ஒரு உத்தரவை எடுத்து, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று கோடு போட்டுக்கொண்டே போனால் கிளை கிளையாக ஒரு படம் வரும். அதை அவர்கள் மரம் என்றார்கள். ஒரு உத்தரவுக்கு ஒரே மரம்தான் வரவேண்டும். இரண்டு மரம் வந்தால் அந்த உத்தரவுக்கு இரண்டு அர்த்தம் என்று ஆகிவிடும். மருத்துவர் ஒன்றை நினைத்து எழுதியிருப்பார், பம்ப் இன்னொன்றைப் படித்துக்கொள்ளும். அந்தப் பம்பில் இருந்த சில்லு, சிப் என்பார்களே, அது சின்னது. முதலில் எந்த மரம் கிடைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். இன்னொன்று உண்டா என்று தேடாது, யாரையும் கேட்காது.

விதிகளுக்குள் அப்படி ஒரு இரட்டை மரம் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது அவருடைய பொறுப்பு. அதற்காகக் கணினியில் ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். அது அந்த விதிகளின்படி எழுதக்கூடிய உத்தரவுகளை ஒன்று விடாமல் தானே எழுதும். முதலில் இரண்டு சொல் உத்தரவுகள் எல்லாம், பிறகு மூன்று சொல், பிறகு நான்கு. ஒவ்வொன்றுக்கும் மரம் வரைந்து பார்க்கும். எதற்காவது இரண்டு வந்தால் நின்று மணியடிக்கும். வராவிட்டால் அடுத்த நீளத்துக்குப் போகும். ஆரம்பத்தில் தினமும் மணியடித்ததாம். அடிக்க அடிக்க விதியைத் திருத்தினார். கடைசியாகத் திருத்திய பிறகு ஆறு சொல் வரை ஒரு வாய் காபி குடிக்கிற நேரத்தில் முடிந்தது. அதற்குமேல் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று மடங்கு நேரம். பதினான்கு சொல்லுக்குப் பதினாறு நாள் பிடித்தது. மணி அடிக்கவில்லை.

"அப்போ சுத்தம்னு அர்த்தமா?" என்று அப்போது கேட்டேன். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம்.

"பதினாலு வரைக்கும் சுத்தம். அதுக்கு மேல தெரியாது."

"எப்பத்தான் தெரியும்?"

"இருந்தா ஒரு நாள் மணியடிக்கும். இல்லேன்னா அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். இல்லைன்னு சொல்றதுக்கு அதுக்கு வாயே கிடையாது."

"அப்படிச் சொல்ற மாதிரி வேற ஒண்ணு எழுதுங்களேன். ஊர்ல எதெதுக்கோ மெஷின் இருக்கு."

"எழுத முடியாதும்மா. எந்த விதியைக் கொடுத்தாலும் உண்டு இல்லைன்னு சரியாச் சொல்ற மெஷினைச் செய்யவே முடியாதுன்னு எப்பவோ நிரூபிச்சுட்டாங்க. இன்னும் யாரும் செய்யலைன்னு இல்ல. யாராலயும் முடியாது."

தலையணை உறையை உதறிக்கொண்டே கேட்டேன். இப்படியும் ஒரு பிழைப்பா என்று தோன்றியது. நல்ல செய்தி வரவே வராது, வந்தால் கெட்ட செய்திதான் வரும் என்கிற வேலை. ஒரு வழி இருந்தது, அதையும் அவரே சொன்னார். விதிகளை இறுக்கிக் கட்டினால், அடுத்த அடி எது என்பதில் சந்தேகமே வராதபடி எழுதினால், இரட்டை மரம் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிக் கட்டினால் மருத்துவர்கள் பேசுகிற மாதிரி எழுத முடியாது. மேலாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் நம்ம பம்புக்கும் அடுத்தவன் பம்புக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டாராம்.

பம்பை அனுப்புவதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில் பதினோராவது வரி: "இரு வழியாகப் படிக்கும் வாய்ப்பு". பக்கத்தில் இரண்டு கட்டம். உண்டு, இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் சின்ன எழுத்தில் "பதினான்கு சொல் வரை தேடியதில் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் படிவம் திரும்பி வந்தது. மேலாளர் அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு அவர் மேஜைக்கு வந்தார்.

"சார், கேள்வி கேட்டா பதில் சொல்லணும். கதை எழுதக் கூடாது."

"அதுதான் சார் பதில்."

"ஆஸ்பத்திரில இதை வாங்க மாட்டாங்க. உண்டா இல்லையா, ஒண்ணுல டிக் போடுங்க. பதினாலு சொல்லுக்கு மேல எந்த டாக்டர் சார் உத்தரவு எழுதப் போறார்?"

மேலாளர் கெட்டவர் ஒன்றும் இல்லை. வண்டி கீழே நின்றுகொண்டிருந்தது, அட்டைப்பெட்டிகள் ஏறிவிட்டன, அவர் பேனாவைத் திறந்து நீட்டிக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் வாங்கி "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டார். கையெழுத்தும் போட்டார். பிறகு அந்தக் கணினி வேறு வேலைக்கு வேண்டும் என்றார்கள். பதினைந்து சொல்லில் ஓடிக்கொண்டிருந்த நிரலை நிறுத்திவிட்டார்.

மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நான் வேலை பார்த்த வார்டுக்கும் அந்தப் பம்புகள் வந்தன. எங்கள் வீட்டுக்காரர் செய்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அதைத் துடைக்கும்போது மற்றதைவிட ஒரு தடவை கூடுதலாகத் துடைப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு வேறு ஊரில் ஒரு மருத்துவமனையில் ஒரு பெண் இறந்துபோனாள். முப்பத்தொரு வயது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவர் பதினேழு சொல்லில் ஒரு உத்தரவு எழுதியிருந்தார். மூச்சு குறைந்தால் நிறுத்தவேண்டும், திரும்பத் தொடங்கும்போது பாதி அளவு என்பது அவர் நினைத்தது. பம்ப் நிறுத்தியது, ஆனால் பாதி என்ற சொல்லை வேறொரு சொல்லோடு சேர்த்துப் படித்துக்கொண்டு, திரும்பத் தொடங்கும்போது முழு அளவில் தொடங்கியது. எழுதியதில் தப்பில்லை, படித்ததிலும் விதிப்படி தப்பில்லை. அந்த உத்தரவுக்கு இரண்டு மரம் இருந்தது.

செய்தி வந்த அன்று அவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். என்ன கணக்கு என்று கேட்டேன். அன்றைக்கு நிரலை நிறுத்தாமல் ஒரு மூலையில் ஓடவிட்டிருந்தால் எப்போது பதினேழு சொல்லை முடித்திருக்கும் என்ற கணக்கு. ஒன்றே முக்கால் வருஷத்தில் முடித்திருக்கும். அந்தப் பெண் நோயில் விழுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே மணி அடித்திருக்கும்.

நான் ஆறுதல் சொல்லவில்லை. நான் வார்டில் நிற்கிறவள், கட்டிலில் கிடந்தவள் பக்கம்தான் என் மனசு போனது. "தெரியாத ஒண்ணை இல்லைன்னு போட உங்களுக்கு எப்படிங்க கை வந்துச்சு?" என்று கேட்டேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைப்பேன், எடுப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மகளை விட்டு "அப்பாவைக் குளிக்கச் சொல்லு" என்று சொல்லியனுப்புவேன்.

விசாரணை நடந்தது. ஒரு நாள் நானும் போனேன், போகாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் பேருந்து ஓட்டுநர். டியூட்டியிலிருந்து நேரே வந்திருந்தார், சீருடையோடு. தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் எழுந்து வழியை மறித்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"பதினாலு வரைக்கும் தெரியும்ங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த மனிதர் அவரையே பார்த்தார். என்ன சொல்கிறான் இவன் என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யார் மேலும் தனியாகக் குற்றம் இல்லை, அந்தக் காலத்து நடைமுறைப்படிதான் செய்திருக்கிறார்கள் என்று தீர்ப்பு எழுதினார்கள். என் வீட்டுக்காரருக்கு அது ஒரு தண்டனையாகவாவது இருந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டதுதான் அவரைத் தின்றது. தாழ்வாரத்தில் அவர் சொன்ன பதிலைக் கேட்டுவிட்ட யாரோ போய் அலுவலகத்தில் சொல்லியிருக்கவேண்டும். "இதுவரை சார்" என்ற பெயர் அந்த வாரம்தான் வந்தது.

அவரையே விதிகளைத் திருத்தச் சொன்னார்கள். திருத்தினார். நிரலையும் மாற்றி எழுதினார். எல்லா மருந்துப் பெயரையும் ஒரே மருந்தாகவும் எல்லா எண்ணையும் ஒரே எண்ணாகவும் எடுத்துக்கொள்கிற மாதிரி செய்ததில் முன்னைவிட வேகமாகப் பதினெட்டுச் சொல் வரை போக முடிந்தது. மணி அடிக்கவில்லை. மறுபடி அதே படிவம், அதே பதினோராவது வரி, அதே இரண்டு கட்டம். மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். இரண்டு மரம் வந்தால் தொடங்காமல் நின்று கேட்கிற பெரிய சில்லை வைக்கச் சொன்னார். அடுத்த மாடலில் பார்க்கலாம் என்றார்கள். வார்டுகளில் ஓடிக்கொண்டிருக்கிற ஆயிரக்கணக்கான பழைய பம்பில் அந்தச் சில்லை வைக்க இடமே இல்லை. விதிகளை மட்டும்தான் மாற்ற முடியும்.

இந்தத் தடவை அவர் டிக் போடவில்லை. மேலாளரே போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகளில் முகவரி ஒட்டுகிற வேலை. பத்து வருஷம் ஒட்டினார். அவர் எழுதிய விதிகள் உள்ளே ஓடுகிற பம்புகளுக்குத் தான் கையெழுத்துப் போடாத படிவத்தோடு தானே முகவரி ஒட்டி அனுப்பினார்.

நிரலை வீட்டில் ஓடவிட்டார். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் துணி அலமாரி வைக்கிற இடம் ஒன்று இருந்தது. அலமாரியை நகர்த்திவிட்டு அங்கே ஒரு பழைய கணினி, அது அணையாமல் இருக்க ஒரு பேட்டரி. பத்தொன்பது சொல் மூன்று மாதத்தில் முடிந்தது. இருபது சொல்லுக்கு ஒன்பது மாதம். இருபத்தொன்றுக்கு இரண்டே கால் வருஷம். அந்த விசிறிச் சத்தம் எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மூச்சுவிடுகிற மாதிரி எப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகிப் போனாள். வந்தபோதெல்லாம் "அதை நிறுத்தித் தொலைங்கப்பா, தலைவலிக்குது" என்பாள். "நிறுத்தினேனே ஒரு தடவை" என்பார்.

ஒரு தடவை கேட்டேன். "எந்த உத்தரவை எழுதினாலும் இதுல போட்டுப் பார்த்துட்டு அனுப்பலாமே?"

"எழுதின உத்தரவைக் கொடு, நொடியில சொல்லிடும், ரெண்டு மரமா ஒண்ணான்னு. எழுதாதது எத்தனை இருக்கு, அதுதான். எந்த ஆஸ்பத்திரில எந்த டாக்டர் நாளைக்கு என்ன எழுதுவார்னு யாருக்குத் தெரியும்? எழுதினதும் நம்ம வீட்டுக்கு அனுப்பிக் கேட்பாங்களா?"

எங்கள் மருத்துவமனையில் வெளிக் கணினியை வார்டுக்குள் விடமாட்டார்கள். என்னால் முடிந்தது ஒன்றுதான். பதினெட்டுச் சொல் வரை சுத்தம் என்று தெரியும் அல்லவா? பதினெட்டுக்கு மேல் நீளமாக எந்த உத்தரவு வந்தாலும் அதை நான் பம்பில் ஏற்றமாட்டேன். இரண்டாக உடைத்து எழுதிக் கொடுங்கள் டாக்டர் என்று நிற்பேன். சிலர் சிரித்தார்கள், சிலர் கத்தினார்கள். "சிஸ்டர், இது ஆஸ்பத்திரியா, தந்தி ஆபீஸா?" என்று ஒருவர் கேட்டார். நான் அசையவில்லை. வாய் நீளம் என்று எனக்குப் பெயர் உண்டு, அது அங்கே உதவியது. கொஞ்ச நாளில் மற்றப் பெண்களும் பழகிக்கொண்டார்கள். கேஸ் ஷீட்டில் நீள உத்தரவைக் கண்டால் விரல்விட்டு எண்ணுவார்கள். "சிஸ்டரோட பதினெட்டு" என்று அதற்கு ஒரு பெயர். ஏன் பதினெட்டு என்று பாதிப் பேருக்குத் தெரியாது. அடுத்தடுத்த நீளம் முடிந்தபோது இனி இருபது வரை விடலாம், இருபத்தொன்று வரை விடலாம் என்று அவர் சொன்னார். எதற்கு வம்பு என்று நான் பதினெட்டிலேயே நின்றுவிட்டேன்.

அந்த நாலு மாதத்துக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு திரும்பி வந்துவிட்டது. அது தானாகத்தான் வந்தது, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கிடங்கில் இருந்த பத்து வருஷமும் அவர் நோட்டுப் புத்தகங்களில் அந்த அறுபத்துச் சொச்சம் வரிகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். எல்லா விதிகளுக்கும் பொதுவாகச் சொல்லும் மெஷின்தான் முடியாது, இந்த ஒரு விதித் தொகுப்புக்கு மட்டும் கையால் நிரூபித்துவிடலாமே என்று ஒரு நப்பாசை. முப்பது நோட்டு முடிந்தது. ஒவ்வொரு நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் பாதியில் நிற்கும். வாசலில் பால்காரர் வந்து "சாரைக் கூப்பிடுங்க" என்றால்கூடத் திடுக்கிட்டு எழுந்து வருவார். யாரோ எங்கேயோ நீளமாக ஒரு உத்தரவு எழுதிவிட்டார்கள், அந்தச் செய்திதான் வந்திருக்கிறது என்று நினைப்பார். நல்ல மனிதரை இப்படிப் பயந்துபோனவராகப் பார்க்கவேண்டி வந்துவிட்டதே என்று எனக்குச் சமயத்தில் அழுகையாக வரும்.

அவருடைய அறுபத்தோராவது வயதில் இருபத்திரண்டு சொல் முடிந்தது. அதற்கு மட்டும் ஏழு வருஷம். மணி அடிக்கவில்லை. இருபத்துமூன்றுக்கு இருபது வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

"இருபத்துமூணு என் ஆயுசுல இல்ல" என்றார்.

"புது கம்ப்யூட்டர் வாங்கலாம்."

"வாங்கினா பத்து வருஷமாகும். அப்புறம் இருபத்துநாலுக்கு மறுபடி முப்பது. விடு."

அந்த "விடு" எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் இதயம் பலவீனமாகிவிட்டது. காலில் நீர் கோத்தது, படியேறினால் மூச்சு வாங்கியது. எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்தேன். ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, தூக்கத்திலேயே போய்விட்டார். பம்பில் எந்தத் தப்பும் இல்லை, இதயம்தான் முடியாமல் நின்றது. மகள் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குசெய்தாள். அந்தக் கணினியை மட்டும் என்னைக் கேட்காமல் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் இருபத்துமூன்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. முடியும்போது எனக்கு எழுபத்தெட்டு வயதாகியிருக்கும்.

நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம் நடந்தது. நான் விடுப்பில் இருந்தேன். செவிலியாக இல்லாமல் நோயாளியின் மனைவியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய கட்டில் பக்கத்திலும் அதே பம்ப், அவருடைய பம்ப். காலையில் புதிதாக வந்த ஒரு இளம் மருத்துவர் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற மருந்துக்கு உத்தரவு எழுதிவிட்டுப் போயிருந்தார். அவருக்குப் பதினெட்டுக் கணக்கெல்லாம் தெரியாது, பம்பிலும் தானே ஏற்றிவிட்டிருந்தார். பம்பின் சின்னத் திரையில் எழுத்து நகர்ந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தலையை ஒருக்களித்து அதைப் படிப்பதைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே கிடந்த கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு கை முடிந்து, மறுபடி முதல் விரலிலிருந்து.

"எத்தனை?" என்றேன்.

"இருபத்துநாலு."

நான் எழுந்து மேஜைக்குப் போனேன். டியூட்டியில் இருந்த பெண் என்னிடம் பழகியவள். என் முகத்தைப் பார்த்ததுமே கேஸ் ஷீட்டை எடுத்துவிட்டாள். மருத்துவரை போனில் பிடித்து, இரண்டாக உடைத்து எழுதி வாங்கி, பம்பில் மாற்றி ஏற்ற எட்டு நிமிஷம் ஆனது. "அக்கா, நீங்க போய் உட்காருங்க, நான் பார்த்துக்கறேன்" என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"உன் டியூட்டி இல்லையே இன்னிக்கு" என்றார் அவர்.

"வாயை மூடிட்டுப் படுங்க."

பம்பின் திரையில் புது உத்தரவு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லா ஊர்லயும் நீ இருக்க மாட்டியே" என்றார்.

நான் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"இன்னொண்ணு இருக்கா, இல்லையா?" என்று கேட்டார். எதில் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக எங்கள் வீட்டில் கேட்கப்படாமல் கிடந்த கேள்வி அது ஒன்றுதான்.

இருபத்திரண்டு வரைக்கும் இல்லை. அதுதான் சரியான பதில். அதைத் தவிர வேறு எந்தப் பதிலும் சொல்லக்கூடாது என்று எனக்கு மொட்டை மாடியிலிருந்து சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பதிலுக்கு இடமே இருக்கவில்லை. அந்தப் பேருந்து ஓட்டுநர் அவரைப் பார்த்த மாதிரி அவர் என்னைப் பார்த்தார். உதடு வறண்டிருந்தது. எதையாவது வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று வந்து நிற்கிற ஆளின் முகம்.

"இல்ல" என்றேன்.

"அடிச்சுச் சொல்றியா?"

"அடிச்சுச் சொல்றேன். இன்னொண்ணு இல்லவே இல்ல."

குரல்கூட நடுங்கவில்லை எனக்கு. எப்படிங்க கை வந்துச்சு என்று கேட்டேனே, நாலு மாதம் அந்த மனிதரோடு பேசாமல் இருந்தேனே. இப்படித்தான் வருகிறது. எதிரில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு அது வேண்டியிருக்கிறது, நமக்கும் அவரை அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது. வந்துவிடுகிறது.

அவர் நம்பினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். சரி என்று தலையை ஆட்டினார். கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். அந்த நாலு மாதத்துக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. நன்றாகத் தூங்குகிறாரே, எழுந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.